உஷார்! குழந்தையின் பல்லுக்கு எஸ்டிமேட் நீட்டுகிறார்களா?

பள்ளியில் இலவசப் பல் பரிசோதனை முகாம். சாயங்காலம் பிள்ளையின் பைக்குள் ஒரு சீட்டு. ‘6 பல் சொத்தை, உடனடி சிகிச்சை தேவை, முன்பல்லுக்குக் கம்பி போட வேண்டும்’ என்று எழுதி, கீழே ஒரு கிளினிக்கின் பெயர். சீட்டோடு வந்தால் தள்ளுபடி என்று இன்னொரு வரி. சனிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்தால், பிள்ளையின் வாயைப் பத்து நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குள் நாலு ரூட் கேனால், நாலு கேப், அப்புறம் கம்பி என்று அரை லட்சத்தைத் தாண்டிய எஸ்டிமேட் கைக்கு வந்துவிடும். “இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிட்டீங்கன்னா டிஸ்கவுன்ட் உண்டு சார். லேட் பண்ணா மத்த பல்லுக்கும் பரவிடும் மேடம்.”

பெற்றோர்களே, அந்த இடத்தில் நில்லுங்கள். அன்றைக்கே கையெழுத்தும் போடாதீர்கள், கார்டையும் நீட்டாதீர்கள்.

நேர்மையான பல் மருத்துவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தி, இப்போதைக்கு ஃப்ளோரைடு பூசினால் போதும் என்று அனுப்பி வைக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் குழந்தைகளின் பல் விஷயத்தில் நம்மைப் பயமுறுத்துவது சுலபம். வாய்க்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சாக்லேட் வாங்கிக் கொடுத்தது நாம்தானே என்ற குற்ற உணர்ச்சி வேறு. அந்த இரண்டையும் வைத்து வியாபாரம் செய்யும் இடங்களைத்தான் சொல்கிறேன்.

கதவுக்கு வெளியே உட்காராதீர்கள்

அமெரிக்காவில் ‘ஸ்மால் ஸ்மைல்ஸ்’ என்று குழந்தைகளுக்கான பல் கிளினிக்குகள் பல மாநிலங்களில் நடந்தன. வந்தவை பெரும்பாலும் மெடிக்கெய்டு என்ற அரசுக் காப்பீட்டில் இருந்த ஏழைக் குடும்பங்கள். பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு, பிள்ளையைப் பலகையில் பட்டை போட்டுக் கட்டிச் சிகிச்சை செய்தார்கள் என்று குடும்பங்கள் புகார் சொன்னன. ஒரே நாளில் வாய் நிறைய ஸ்டீல் கேப்போடு பிள்ளை வெளியே வந்த கதைகள் தொலைக்காட்சியில் வந்தன. தேவையில்லாத நரம்பு சிகிச்சை செய்தார்கள், தேவையில்லாமல் பல்லைப் பிடுங்கினார்கள் என்று அந்நாட்டு நீதித்துறை குற்றம்சாட்டியது. நிர்வாக நிறுவனமான ஃபோர்பா 2010-ல் 2.4 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. பிறகும் புகார் ஓயவில்லை. 2013-ல் இதைப் பற்றி அமெரிக்க செனட் அறிக்கை வெளியானது. 2014-ல் அந்த நிர்வாகத்தை அரசுக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து 5 ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தார்கள்.

2018 ஜனவரியில் ‘கூல் ஸ்மைல்ஸ்’ என்ற இன்னொரு குழுமம் இதே மாதிரிக் குற்றச்சாட்டில் 2.39 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. டார்கெட் வைத்து, அதிகச் சிகிச்சை செய்த மருத்துவருக்கு போனஸ் கொடுத்தார்கள், குறைவாகச் செய்தவரைக் கண்டித்தார்கள் என்பது அரசின் வாதம்.

அங்கே அரசாங்கத்தின் பணம், இங்கே நம் பணம். மற்றபடி டார்கெட் என்பது எந்த ஊரிலும் டார்கெட்தான். ஆகவே சிகிச்சை அறைக்குள் அம்மாவோ அப்பாவோ இருந்தே ஆக வேண்டும். சில பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்தால் அதிகமாக அழும், உண்மைதான். அப்படியானால் பிள்ளையின் கண்ணில் படாமல் ஓரமாக நில்லுங்கள். “பேரன்ட்ஸ் யாரும் உள்ள வரக் கூடாது” என்பதை விதியாகவே வைத்திருக்கும் கிளினிக் நமக்கு வேண்டாம்.

“இந்தப் பல் எப்போது விழும்?”

எஸ்டிமேட்டில் இருக்கும் ஒவ்வொரு பல்லுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும். கடைசிக் கடைவாய்ப் பால் பற்கள் விழ 10 முதல் 12 வயது ஆகும். 5 வயதுப் பிள்ளையின் கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றுவதில் அர்த்தம் உண்டு. அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இன்னும் ஐந்தாறு வருடம் அதுதான் இடம் பிடித்து வைக்கிறது. ஆனால் வேர் கரைந்து ஆடத் தொடங்கிவிட்ட பல்லுக்கு ரூட் கேனாலும் கேப்பும் எதற்கு? எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, சொத்தை எங்கே, நரம்பு எங்கே, வேர் எவ்வளவு மிச்சம் என்று காட்டச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்காமலேயே ‘ரூட் கேனால்’ என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

கம்பி விஷயத்திலும் வயதைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். 7, 8 வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டம்தான். 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது அது பல பிள்ளைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். கீழ்த்தாடையில் பால் பல்லுக்குப் பின்னாலேயே புதுப் பல் முளைத்து இரண்டு வரிசையாகத் தெரிவதும் சகஜம். முன்னால் இருப்பது ஆடினால் பெரும்பாலும் விழுந்துவிடும், பின்னால் இருப்பதை நாக்கு முன்னே தள்ளிவிடும்.

7 வயதுக்குள் ஒருமுறை காட்டுங்கள் என்று அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கம் சொல்கிறது. காட்டச் சொல்கிறார்களே தவிர, எல்லாப் பிள்ளைக்கும் அப்போதே கம்பி போடச் சொல்லவில்லை. கீழ்த்தாடை முன்னே தள்ளி இருந்தாலோ, மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமாகக் கடித்தாலோ, விரல் சூப்பி முன்பல் தூக்கியிருந்தாலோ சீக்கிரம் தொடங்குவது நல்லது. மற்றவர்களுக்குக் காத்திருப்பதே சிகிச்சை.

உண்மையில் பயப்பட வேண்டிய பல் ஒன்று உண்டு. 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பல் வரிசையின் கடைசியில் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான்.

எடை பார்க்காமல் ஊசியா?

மரத்துப்போகப் போடும் லிக்னோகைன் ஊசிக்கு உடல் எடைதான் அளவு. ஒரு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்பது குழந்தைப் பல் மருத்துவத்தில் சொல்லப்படும் உச்சவரம்பு. 15 கிலோ பிள்ளைக்கு 66 மில்லிகிராம். வழக்கமான 2 சதவீத மருந்தில் இது 3.3 மில்லி மட்டுமே. ஒரே நாளில் வாயின் நாலு பக்கமும் ஊசி போட்டு எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டால் இந்த அளவு எவ்வளவு சுலபமாகத் தாண்டிவிடும் என்று பாருங்கள். தாண்டினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். எடை பார்த்தார்களா, எத்தனை மில்லி போடப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

“குழந்தை ஒத்துழைக்கல, தூங்க வெச்சு முடிச்சுடலாம்” என்றால் உஷார் இரண்டு மடங்காக வேண்டும். ஆழ்ந்த மயக்கம் கொடுத்தால், பல்லைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர், மூச்சையும் நாடியையும் மட்டுமே கவனிக்கும் பயிற்சி பெற்ற மயக்க மருத்துவர் ஒருவர் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். மயக்க மருத்துவர் யார், ஆக்ஸிஜன் இருக்கிறதா, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறதா, ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள்? நாலுக்கும் தெளிவான பதில் வராமல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதையும் எழுதி வாங்குங்கள். பாவம் என்று பாட்டி ஊட்டிவிட்ட ஒரு வாய் சாதமும் மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

தண்ணீரும் கருவியும்

2016-ல் கலிஃபோர்னியாவின் அனஹைமில், ஒரு குழந்தைகள் பல் கிளினிக்கில் பால் பல் நரம்பு சிகிச்சை செய்துகொண்ட 70-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று வந்தது. இயந்திரத்தின் குழாய் வழியாக வந்த தண்ணீரில் மைக்கோபாக்டீரியா கிருமி இருந்ததே காரணம். தாடை எலும்பு வரை அறுவை சிகிச்சை, நிரந்தரப் பல்லையே இழந்த பிள்ளைகள் என்று அது நீண்டது.

தூர தேசத்துச் சங்கதி என்று விட்டுவிட முடியாது. நம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போய், மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வாங்கிய 10 பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். 2022, 2023-ல் நடந்தது. திறந்த சலைன் பாட்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒரு பாட்டில் சலைன்!

நாற்காலியில் பிள்ளை உட்கார்ந்ததும் நீங்கள் பார்க்க வேண்டியது கருவித் தட்டை. ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் பிளாஸ்டிக் உள்ள உறைக்குள் கருவிகள் சீலோடு இருக்க வேண்டும். ஆட்டோகிளேவில் வெந்து வந்த உறையில் அச்சிட்ட குறியீடு நிறம் மாறியிருக்கும். எந்த நிறத்துக்கு மாற வேண்டும் என்பது உறையிலேயே இருக்கும். உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். சலைன் பாட்டிலும் புதிதாக உடைக்கப்படட்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கம்பிக்கு முழுப் பணமும் முதல் நாளே வேண்டாம்

கம்பி என்பது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருட வேலை. மாதாமாதம் போய் முறுக்க வேண்டும். பல கிளினிக்குகளில் போர்டில் இருப்பவர் ஒருவர், கம்பி போட மாதம் ஒருமுறை வந்துபோகும் விசிட்டிங் டாக்டர் இன்னொருவர். அவர் நின்றுவிட்டால் பிள்ளையின் பல் பாதி வழியில் நிற்கும். யார் போடுகிறார்? பி.டி.எஸ்-க்குப் பிறகு ஆர்த்தோடான்டிக்ஸில் மூன்று வருட எம்.டி.எஸ் முடித்தவரா? பெயரையும் பதிவு எண்ணையும் வாங்கி, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் சரிபாருங்கள்.

பணத்தை வேலைக்கு ஏற்பத் தவணையாகக் கொடுங்கள். கிளினிக்கே ஏற்பாடு செய்யும் இ.எம்.ஐ கடன் உங்கள் பெயரில் இருக்கும். கிளினிக் மூடினாலும் கடன் மூடாது. கம்பியில்லாத அலைனர் விற்ற ‘ஸ்மைல் டைரக்ட் கிளப்’ என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரே நாளில் கடையை மூடியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் தவித்தார்கள். தவணையை மட்டும் தொடர்ந்து கட்டச் சொன்னார்கள்.

மொத்தச் செலவு, உடைந்தால் மாற்றும் கட்டணம், கம்பி கழற்றிய பின் போடும் ரிடெய்னர் இதில் சேர்த்தியா, ஊர் மாறினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? எல்லாவற்றையும் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள்.

தப்பு நடந்துவிட்டால்

எக்ஸ்ரே, பில், சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றின் பிரதியையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. வழி கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “பால் பல்லுதானே, விழுந்துடும்” என்று பிள்ளையைக் காட்டாமலே இருந்துவிடாதீர்கள். 2007-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில், கவனிக்காமல் விட்ட ஒரு சொத்தைப் பல்லின் கிருமி மூளைக்கு ஏறி 12 வயதுச் சிறுவன் இறந்தான். முகம் வீங்கினாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தாலோ, பல்வலியோடு காய்ச்சல் அடித்தாலோ ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

மற்ற எதற்கும் இரண்டாவது கருத்து கேட்க நேரம் இருக்கிறது. எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ, பக்கத்து அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கோ போங்கள். எஸ்டிமேட் கொடுத்தவரோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள். கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் பிள்ளையை ஒப்படையுங்கள். முகம் சுளிக்கிறவரிடமிருந்து அந்த நிமிடமே கையோடு கூட்டி வந்துவிடுங்கள்.