உப்பின் கணக்கைக் காக்கும் சிறுநீரகம்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது பழமொழி. நாவிற்கு மட்டுமன்று, உடலுக்கும் உப்பு தேவை. நரம்புகள் செய்தியைக் கடத்தவும் தசைகள் சுருங்கி விரியவும் சோடியம், பொட்டாசியம் ஆகிய அயனிகள் வேண்டும். மின்னேற்றம் பெற்ற அணுவே அயனி எனப்படும். இந்த அயனிகள் அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இக்கணக்கைப் பிசகாமல் காப்பவை நம் சிறுநீரகங்கள்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் நெப்ரான்கள் உள்ளன. இவை இரத்தத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. ஆயினும், 1 முதல் 2 லிட்டர் வரையே சிறுநீராக வெளியேறுகிறது. வடிகட்டப்பட்ட சோடியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு மீண்டும் இரத்தத்தையே சென்றடைகிறது. இதில் பெரும்பகுதி நெப்ரான் குழாயின் தொடக்கத்திலேயே உறிஞ்சப்படுகிறது. எஞ்சிய சிறு பகுதியைச் சேமிப்பதா, வெளியேற்றுவதா என்பது குழாயின் இறுதிப் பகுதியில் முடிவாகிறது. அம்முடிவைத் தெரிவிக்கும் தூதர்களே ஹார்மோன்கள்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் கடும் வெயிலில் உழைக்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வியர்வையின் வழி அவர் நீரையும் உப்பையும் இழக்கிறார். இழப்பு மிகும்போது இரத்தத்தின் அளவும் அழுத்தமும் குறையத் தொடங்கும். உடனே சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியைச் சுரக்கும். அதன் தூண்டுதலால் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் உருவாகும். இந்த ஹார்மோன் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பியையும் தூண்டும். அச்சுரப்பி அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கும்.

அல்டோஸ்டிரோன் நெப்ரான் குழாயின் உயிரணுக்களுக்குள் நுழைந்து, சோடியம் வாயில்களையும் அயனி ஏற்றிகளையும் பெருக்குகிறது. வாயில்கள் வழியாகச் சோடியம் உயிரணுவுக்குள் வருகிறது. மறுபுறத்திலுள்ள ஏற்றிகள் அதனை இரத்தத்தின் பக்கம் தள்ளுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகள் வெளியே செல்ல, 2 பொட்டாசியம் அயனிகள் உள்ளே வருகின்றன. மிகுதியான பொட்டாசியம் சிறுநீரில் கலந்து வெளியேறுகிறது. சோடியத்தைப் பின்தொடர்ந்து நீரும் உடலிலேயே தங்குகிறது. இந்த ஏற்றியை டென்மார்க் அறிவியலாளர் ஜென்ஸ் ஸ்கோ 1957ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அதற்காக 1997ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உப்பு மிகும்போது நிலைமை மாறுகிறது. ரெனினும் அல்டோஸ்டிரோனும் குறைகின்றன. இரத்தத்தின் அளவு கூடி இதயத்தின் மேலறைகள் விரியும்போது, அவை வேறொரு ஹார்மோனைச் சுரந்து சோடியத்தை வெளியேற்றத் தூண்டுகின்றன.

எனினும், இந்த ஏற்பாட்டிற்கும் எல்லை உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. மலேசியரோ சராசரியாக 7.9 கிராம் உட்கொள்வதாக 2017-2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நாள்தோறும் மிகுதியாக உப்பு சேரும்போது பலருக்கு இரத்த அழுத்தம் உயர்கிறது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாமல் நெப்ரான்களின் நுண்ணிய குழாய்களைச் சிதைக்கிறது. முற்றிலும் பழுதடைந்த சிறுநீரகத்தின் வேலையை இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் ஓரளவே செய்யும். அதற்காக நோயாளி பொதுவாக வாரத்திற்கு மூன்று முறை, ஏறத்தாழ நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும்.

இரத்த அழுத்த மருந்துகள் சில, ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கின்றன. வேறு சில, அல்டோஸ்டிரோனின் செயலைத் தடுக்கின்றன. இவற்றால் உடலில் பொட்டாசியம் கூடலாம். ஆகவே, மருத்துவரைக் கேட்காமல் மருந்தின் அளவை மாற்றுவதும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைப் பயன்படுத்துவதும் தவறு.

கருவாடு, ஊறுகாய், உடனடி மீ, கிச்சாப் ஆகியவற்றில் உப்பு மிகுதி. இவற்றைக் குறைத்துக்கொள்வதும் இரத்த அழுத்தத்தை அவ்வப்போது சோதித்துக்கொள்வதும் எளிய செயல்களே. ஓய்வின்றி உழைக்கும் சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்க அவை பெரிதும் துணைபுரியும்.