தாளுக்கும் துப்பாக்கிக்கும் பொருந்தும் குண்டு

கைத்துப்பாக்கித் தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் அமர்ந்து தீமூட்டும் பிரைமர், உள்ளே எரியும் மருந்து, கூட்டின் வாயில் செருகப்பட்ட குண்டு ஆகிய நான்கின் கூட்டு. சுட்ட பிறகு கூடு கெடாமல் மிஞ்சுவதால், அதைச் சேகரித்து மற்ற மூன்றையும் புதிதாக இட்டு மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்க இலக்குச் சுடுவோரிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. செலவு குறைகிறது என்பது அதற்கு ஒரு காரணம். தம் துப்பாக்கிக்கு மிகவும் இணங்கும் தோட்டாவைத் தாமே செய்துகொள்ள முடிகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்த இணக்கத்தில் பெரும்பங்கு குண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது.

ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. அங்கே வளர்ந்த புல்ஸ்ஐ என்ற போட்டிமுறையில், ஒரு கையால் துப்பாக்கியைப் பிடித்து 50 கஜத் தொலைவில் நிதானமாகவும், 25 கஜத் தொலைவில் வேகமாகவும் சுட வேண்டும். பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர்தான். இப்போட்டியில் பெரிதும் பயன்படுவது, அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்ட .45 துப்பாக்கியின் வழிவந்த வகை. அதன் ராணுவத் தோட்டாவில் உருண்டை மூக்கும் செப்பு உறையும் கொண்ட 230 கிரெயின் குண்டு இருக்கும்; குண்டின் எடையைக் குறிக்கும் கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம் ஆகையால், இது 15 கிராமுக்குச் சற்றுக் குறைவு. போருக்காக வகுக்கப்பட்ட இந்தக் குண்டு இலக்குத் தாளுக்கு அவ்வளவு உகந்ததன்று.

உருண்டை மூக்கு தாளை வெட்டாமல் கிழித்துக்கொண்டு போகிறது. விளிம்பு பிசிறாக நிற்பதால் துளை எதுவரை சென்றது என்பதைக் கண்டறிவது கடினமாகிறது. துளை கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைக்கும் போட்டியில் இது சிறு குறையன்று. ஆகவே முன்பக்கம் தட்டையான, உருளை வடிவிலான வாட்கட்டர் என்ற குண்டு உருவானது. அது தாளில் வட்டமாக, சுத்தமாகத் துளையிடுகிறது. சுழல்துப்பாக்கியில் தோட்டாவைக் கையால் இடுவதால் இவ்வடிவம் எந்தத் தொல்லையும் தருவதில்லை. தானியங்கித் துப்பாக்கியிலோ, பின்னோக்கிச் சென்று திரும்பும் ஸ்லைடு, மேகசினின் மேலிருக்கும் தோட்டாவைத் தள்ளுகிறது. அதன் மூக்கு ஒரு சரிவில் மோதி, நிமிர்ந்து, குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் நுழைய வேண்டும். தட்டையான முகம் அங்கே எளிதில் முட்டிக்கொள்ளும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1961இல் வெளியிட்ட 52ஆம் மாடல், கூட்டின் வாயோடு சமமாக அமர்ந்த .38 வாட்கட்டர் தோட்டாவை மட்டுமே ஏற்கும்படி தனியாக வடிவமைக்கப்பட்டது. அத்தகைய தனி ஏற்பாடு இல்லாத துப்பாக்கிகளுக்கு வேறு வழி தேவைப்பட்டது.

அந்த வழிதான் செமி-வாட்கட்டர். உள்ளே நுழைய எளிதாக முன்பகுதி கூம்பாகக் குறுகும். தாளை வெட்டுவதற்குக் கூம்பின் அடியில் கூரிய தோள் ஒன்று இருக்கும். .45 துப்பாக்கியில் 200 கிரெயின் ஈயச் செமி-வாட்கட்டர் புகழ்பெற்றதற்குக் காரணம் இந்த இரட்டைப் பொருத்தமே. எடை குறைந்த குண்டை மிதமான மருந்தோடு சுடும்போது கையில் உதைப்பும் தணிகிறது. ஆனால் ஸ்லைடு முழுதும் பின்சென்று திரும்பும் அளவுக்கு விசை இருந்தாக வேண்டும் என்பதால், மென்மைக்கு ஓர் எல்லை உண்டு.

வடிவத்துக்கு அடுத்தது பொருள். ஈயத்தோடு தகரமும் ஆன்டிமனியும் கலந்து வார்க்கும் குண்டு மலிவானது. செப்பு உறையிட்டது விலை கூடியது. மெல்லிய செப்புப் பூச்சு கொண்டது இடைப்பட்டது. குழலில் ஈயம் படிவதைத் தடுக்கக் குண்டு கடினமாக இருந்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அளவே முதன்மையானது. குண்டு குழலுக்குச் சற்றுச் சிறிதாக இருந்தால், சூடான வாயு ஓரமாகக் கசிந்து ஈயத்தை உருக்கி, குழலின் உட்பள்ளங்களில் அப்பிவிடுகிறது. இதனால்தான் .45இல் உறையிட்ட குண்டு 0.451 அங்குலமாகவும், ஈயக் குண்டு 0.452 அங்குலமாகவும் செய்யப்படுகின்றன. குளோக் போன்ற பலகோண வடிவக் குழல்களில் உறையற்ற ஈயக் குண்டைப் பயன்படுத்தக்கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிப்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

பார்வைக்கு மூக்கே முதலில் படுகிறது. துல்லியத்தைத் தீர்மானிப்பதில் அடிப்பகுதிக்கே பங்கு அதிகம். குழலைவிட்டுக் கடைசியாக வெளியேறும் அடிவிளிம்பு ஒருபக்கம் நசுங்கியிருந்தால், வாயு சமமாகப் பிரியாமல் குண்டைச் சாய்த்துவிடும். ராணுவ வகைக் குண்டுகளின் உறை பெரும்பாலும் முன்னிருந்து வளைக்கப்பட்டு அடியில் திறந்திருக்கிறது. மூக்கில் குழியுள்ள குண்டுகளில் அடி முழுதும் மூடிய, சீரான செப்பாக அமைகிறது. 50 கஜத்துக்கு 185 கிரெயின் உறையிட்ட குழிமூக்குக் குண்டைப் பலர் நாடுவது இதனாலேயே. 25 கஜத்துக்கு ஈயச் செமி-வாட்கட்டரே தாராளமாகப் போதும். அங்கே விலையுயர்ந்த குண்டுக்குச் செலவிடுவது வீண்.

எந்தக் குண்டானாலும், முதலில் மருந்தும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து, கழற்றிய குழலின் அறைக்குள் போட்டுப் பார்ப்பது நல்லது. அது டொக்கென்று விழுந்து, தடையின்றிச் சுழன்று, கவிழ்த்தால் தானே வெளியே வர வேண்டும். .45 தோட்டா அறைக்குள் கூட்டின் வாய்விளிம்பில் தாங்கி நிற்பதால், அந்த வாயை உள்ளே மடக்கிவிடாமல் இலேசாக நேராக்கினால் போதும். குண்டு கூட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போய்விட்டால் அழுத்தம் ஆபத்தாக ஏறும் என்பதால், அது உறுதியாகப் பிடிபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குண்டின் எடையோ வடிவமோ பொருளோ மாறினால் பழைய மருந்தளவு செல்லாது. அந்தக் குண்டுக்கென வெளியான கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள்.