விசிட்டிங் கார்டு அடிக்கிறதுக்கு முன்னாடி இந்த போட்டோஷாப் வார்த்தைகள் தெரிஞ்சிருக்கணும்!

புதுசா ஒரு சின்னத் தொழில் ஆரம்பிக்கிறீங்க. லோகோ, கார்டு, நோட்டீஸ்னு செலவு வரிசையா வரும். டிசைனர் ஏதோ கேட்பார், புரியாமலே "சரிங்க"ன்னு தலையாட்டுவோம். நானும் அப்படித் தலையாட்டி, 1000 கார்டைக் குப்பையில் போட்டவன்தான். லோகோ மங்கலா வந்திருந்தது. தப்பு பிரஸ் மேல இல்லை; நான் வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவா அனுப்பினேன், அது படத்தைச் சுருக்கிடுச்சு. டாக்குமெண்டா அனுப்பியிருக்கணும்.

முதல்ல பிக்சல். எந்த போட்டோவையும் நல்லா பெரிசாக்கிப் பாருங்க, குட்டிக் குட்டி வண்ணக் கட்டங்களாத் தெரியும். அதுதான் பிக்சல். அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் விழுதுங்கிறதைத்தான் பிரஸ்ஸில் டிபிஐன்னு சொல்வாங்க. கையில் வச்சுப் பார்க்கிற அச்சுக்கு 300 இருக்கணும். கணக்கு சுலபம்: 3.5 அங்குலம் அகலம், 2 அங்குலம் உயரம் உள்ள கார்டுக்கு 1050 x 600 பிக்சல். ஏ4 நோட்டீஸுக்கு 2480 x 3508. யூடியூப் தம்ப்நெயில் வழக்கமா 1280 x 720தான். அதையே படுக்கை வச ஏ4 முழுக்கப் போட்டா அங்குலத்துக்கு 110 பிக்சல்கூட வராது. மென்பொருளில் 72ஐ அழிச்சிட்டு 300ன்னு எழுதினா மட்டும் தெளிவு வந்துடாது, ஏமாறாதீங்க. தூரத்திலிருந்து பார்க்கிற ஃப்ளெக்ஸுக்கு இவ்வளவு தேவையில்லை.

அடுத்து கலர். திரைக்கு ஆர்ஜிபி, அச்சுக்கு சிஎம்ஒய்கே. மொபைலில் பளீர்னு தெரியுற பச்சை, அச்சில் மங்கித்தான் வரும்.

காசு மிச்சமாகிற இடம் லேயர். கண்ணாடித் தாள்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின மாதிரி, எழுத்து தனி, படம் தனி. போட்டோஷாப்பில் 1994லேயே இது வந்துடுச்சு. ஜேபெக் ஃபைல்ல எல்லாம் ஒரே தாளா ஒட்டிக்கும். நாளைக்கு போன் நம்பர் மாறினா மறுபடி டிசைன் சார்ஜ்! அதனால காசு கொடுக்கும்போதே பிஎஸ்டி ஃபைலையும் கேட்டு வாங்குங்க. லோகோன்னா வெக்டர் ஃபைல். எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாது. பின்னணி இல்லாத லோகோவுக்கு பிஎன்ஜி.

போட்டோஷாப்புக்குச் சந்தா கட்டணுமேன்னு யோசிக்கிறீங்களா? ஜிம்ப் இலவசம். பிஎஸ்டியையும் திறக்கும், ஆனா சில எஃபெக்ட் அப்படியே வராது. போன் நம்பர் மாத்த அது தாராளமாப் போதும்.