வெயிலுக்கு ஸ்மூத்தி குடித்தால் சருமம் பளபளக்குமா? மூவார் சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் கணக்கு

மதியம் 2 மணிக்கு மூவார் தஞ்சோங் எமாஸ் பக்கம் போயிருக்கீங்களா? ஆற்றுக் காற்று அடிக்கும், ஆனாலும் முகம் எரியும். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் நெற்றியில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி, கழுத்தில் வேர்க்குரு. கைப்பேசியைத் திறந்தால் "இந்த ஸ்மூத்தியை ஒரு வாரம் குடிங்க, முகம் மின்னும்" என்று யாராவது ஒருவர் பிளெண்டரோடு நிற்கிறார்.

உண்மையில் அந்த டம்ளர் உங்கள் சருமத்துக்கு என்ன செய்யும், எதைச் செய்யாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெயில் சருமத்தை என்ன செய்கிறது?

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்பத்தை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. தொடர்ந்து 3 நாளுக்கு அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் அது முதல் நிலை எச்சரிக்கை. 37 முதல் 40 வரை போனால் வெப்ப அலை. 40-ஐத் தாண்டினால் கடுமையான வெப்ப அலை.

இந்தச் சூட்டில் உடல் வியர்வையைக் கொட்டித் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. போகிற நீரை ஈடுகட்டாவிட்டால் உதடும் தோலும் வறண்டு போகும். வியர்வைத் துளைகள் அடைத்துக்கொண்டால் வேர்க்குரு வரும். இவை தவிர புற ஊதாக் கதிர் இருக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், மேகமூட்டமான நாளில்கூட அது முழுசாக நின்றுவிடாது. தோலுக்கு உறுதி கொடுக்கும் கொலாஜன் என்ற புரதத்தை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது.

பழம் எங்கே உதவுகிறது?

அந்தக் கொலாஜனை உடல் தயாரிக்க வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். அது அறவே இல்லாமல் போனதால்தான் அந்தக் காலத்துக் கப்பல் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, புண் ஆறாமல் ஸ்கர்வி நோய் வந்தது.

வைட்டமின் சி என்றதும் ஆரஞ்சைத் தேடி ஓட வேண்டாம். 100 கிராம் ஆரஞ்சில் சுமார் 50 மில்லிகிராம் இருக்கிறது. அதே அளவு கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல்! பாசாரில் கிடைக்கிற சாதாரணக் கொய்யாதான்.

பப்பாளியிலும் மாம்பழத்திலும் இருக்கும் பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. தோல் செல்கள் புதுப்பிக்கப்பட அது தேவை. தர்ப்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

ஆனால் ஒன்று. ஏற்கனவே ஒழுங்காகப் பழமும் காய்கறியும் சாப்பிடுகிறவருக்கு ஒரு டம்ளர் கூடுதலாகக் குடிப்பதால் முகம் மாறிவிடாது. குறை இருந்தால் நிரப்பும், அவ்வளவுதான்.

பிரச்சினை பழத்தில் இல்லை, சீனியில்

கடையில் ஒரு மாம்பழ ஸ்மூத்தி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் மாம்பழத்திலேயே சுமார் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் ஊற்றினால் இன்னும் 20 கிராமுக்கு மேல். "கொஞ்சம் இனிப்பு போடுங்க அண்ணே" என்று நாமே கேட்டு வாங்குகிற ஒரு கரண்டி சீனி, இன்னொரு 12 கிராம். மொத்தம் 60 கிராமைத் தொடுகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உச்ச வரம்பு நாளுக்குச் சுமார் 50 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. கடித்துச் சாப்பிடும் முழுப் பழம் இந்தக் கணக்கில் வராது, பிழிந்த சாறு வரும். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை ஸ்மூத்தியையும் இதில் சேர்த்து, ஜூஸ், ஸ்மூத்தி இரண்டும் சேர்ந்து நாளுக்கு 150 மில்லி போதும் என்கிறது.

மலேசியாவில் 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்குக் கலால் வரி இருக்கிறது. ஆனால் அது ஆலையில் தயாராகி வருகிற பானங்களுக்குத்தான். கண் முன்னே அடித்துக் கொடுக்கும் டம்ளருக்கு வரியும் இல்லை, எத்தனை கிராம் என்று சொல்லும் லேபிளும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

இது ஏன் நமக்கு முக்கியம்? 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுமுறைக்கும் முகப்பருவுக்கும் தொடர்பு இருப்பதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. சருமத்துக்காகக் குடிக்கப் போய், பருவை வாங்கி வரக்கூடாது இல்லையா?

வீட்டில் செய்ய மூன்று வகை

ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கு, ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர். சீனி, தேன், கெட்டிப்பால் எதுவும் வேண்டாம். வடிகட்டவும் வேண்டாம். நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது.

கொய்யா வெள்ளரி: விதை நீக்கிய அரைக் கொய்யா, அரை வெள்ளரிக்காய், நாலைந்து புதினா இலை, அரை எலுமிச்சையின் சாறு, கொஞ்சம் குளிர்ந்த நீர்.

பப்பாளி தயிர்: ஒரு கப் பப்பாளி, மூன்று மேசைக்கரண்டி இனிப்பில்லாத தயிர், ஊறவைத்த சப்ஜா விதை ஒரு கரண்டி. தயிரில் உள்ள கொழுப்பு பீட்டா கரோட்டினை உடல் உறிஞ்ச உதவும். அடித்த உடனே குடிச்சிடுங்க. பப்பாளியில் உள்ள நொதி பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். பச்சை அன்னாசியும் அப்படித்தான்.

தர்ப்பூசணி: ஒரு கப் தர்ப்பூசணி, அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீரே தேவையில்லை.

நறுக்கிய பழத்தை வெளியே வைக்காதீங்க. 32 டிகிரிக்கு மேல் இருக்கும் மதியத்தில் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும்.

யார் கவனமாக இருக்கணும்?

சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. பெலிம்பிங் ஜூஸ் என்று பல கடைகளில் கிடைக்கிறதே, அதுதான். பழுதான சிறுநீரகத்தால் அதன் நச்சை வெளியேற்ற முடியாது. விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். பொட்டாசியம் அதிகமுள்ள வாழைப்பழத்தையும் இளநீரையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் அவர்கள் எடுக்க வேண்டும். வீட்டில் டயாலிசிஸ் செய்கிற தாத்தா பாட்டி இருந்தால் இன்றே சொல்லி வையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஸ்மூத்தியைவிடக் கடித்துச் சாப்பிடும் பழம் மேல்.

மிச்சமான எலுமிச்சையை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீங்க. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வரலாம். கருமை மறைய மாதக்கணக்கில் ஆகலாம். "நேச்சுரல்தானே" என்று நினைத்துப் பலரும் ஏமாறுவது இங்கேதான்.

அப்போ என்னதான் செய்வது?

முதலில் வெறும் தண்ணீர், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல். வெளியே போகும்போது எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேலான சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். காலை 10 முதல் மாலை 4 வரை முடிந்தவரை நிழல். வேர்க்குருவுக்குத் தளர்வான பருத்தி உடையும் குளிர்ந்த நீர்க் குளியலும். தளவாடத் தொழிற்சாலையிலோ கட்டுமானத்திலோ வேலை செய்கிற அண்ணன் தம்பிகளுக்கு இவை ஸ்மூத்தியைவிடப் பல மடங்கு முக்கியம்.

இதெல்லாம் செய்த பிறகு, அந்தக் கொய்யா டம்ளரை நிம்மதியாகக் குடிங்க. நாளுக்கு இரண்டு பங்கு பழம் என்ற கணக்கில் அதுவும் கொஞ்சம் சேரும். மீதியை அப்படியே கடித்துச் சாப்பிடுங்க.