மலை மறைத்த வெயில், கண்ணாடி தந்த வெயில்



நார்வே நாட்டில் ரியூகான் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கிழக்கு மேற்காக நீளும் ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் அமைந்த ஊர். செப்டம்பர் கடைசியில் சூரியன் தெற்கு மலைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டால், ஊருக்குள் மறுபடி வெயில் விழ மார்ச் மாதம் ஆகிவிடும். பகலில் வானம் வெளுத்திருக்கும். எதிர் மலையின் உச்சியில் வெயில் அடிப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஊர் மட்டும் ஐந்து மாதத்துக்கு மேல் நிழலிலேயே கிடக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் ஏன் குடியேறினார்கள்? பக்கத்தில் பெரிய அருவி ஒன்று இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் சாம் ஐடே என்ற பொறியாளர் அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுத்து, காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து உரம் செய்யும் ஆலையை அங்கே நிறுவினார். ஆலை வந்ததும் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் வந்தார்கள். வெயில் இல்லாத குறை உடனே தெரிந்துவிட்டது. 1913-லேயே ஆஸ்கர் கிட்டில்சன் என்ற கணக்கர், மலைமேல் கண்ணாடி வைத்து வெயிலை ஊருக்குள் திருப்பலாம் என்று யோசனை சொன்னார். அப்போது அது நடக்கவில்லை. அதற்குப் பதிலாக ஆலை நிறுவனம் 1928-ல் ஒரு கம்பிவட ஊர்தி கட்டிக் கொடுத்தது. சரக்கு ஏற்றுவதற்காக அதைக் கட்டவில்லை. ஊர் மக்கள் மலைமேல் போய்க் கொஞ்ச நேரம் வெயிலில் இருந்துவிட்டு வரட்டும் என்பதற்காகவே கட்டினார்கள்.

கிட்டில்சன் சொன்ன யோசனை நிறைவேற நூறு வருடம் ஆனது. மார்ட்டின் ஆண்டர்சன் என்ற கலைஞர் விடாமல் முயன்றதால், 2013 அக்டோபரில் ஊருக்கு 450 மீட்டர் மேலே மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் 17 சதுர மீட்டர் பரப்பு. சூரியன் நகர நகர, கணினி அவற்றைத் திருப்பிக்கொண்டே இருக்கும். திரும்பும் வெளிச்சம் ஊர்ச் சதுக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டர் அளவுக்கு விழும். தொடக்க நாளன்று மக்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு, சாய்வு நாற்காலிகளோடு வந்து அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள்.

வெயிலுக்காக ஓர் ஊர் நூறு வருடம் காத்திருந்திருக்கிறது. நமக்கு இது விளங்குவது கொஞ்சம் கடினம். நாம் வெயிலிலிருந்து தப்பிக்க நிழல் தேடுகிறவர்கள். அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று அறிய, 90-லிருந்து உங்கள் ஊரின் அட்சரேகையையும் 23.5-ஐயும் கழியுங்கள். சென்னை 13 பாகையில் இருக்கிறது. விடை 53.5. குளிர்காலத்தின் நடுவிலும் சூரியன் வானத்தில் பாதிக்கு மேல் ஏறிவிடுகிறது. ரியூகான் ஏறக்குறைய 60 பாகை. விடை 6.5 தான், ஒரு சின்னக் குன்றே அதை மறைத்துவிடும். இன்னும் வடக்கே, 69.6 பாகையில் ட்ரோம்சோ என்ற நகரம் இருக்கிறது. அங்கே விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அதாவது, நண்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு அடியில்தான் இருக்கும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை அந்த ஊரில் சூரியன் உதிப்பதே இல்லை. மத்தியானம் சில மணி நேரம் நீல நிறத்தில் மங்கலான வெளிச்சம் வரும், அவ்வளவுதான்.

வெளிச்சம் குறைந்தால் சிலருக்கு மனமும் சோர்ந்துவிடுகிறது. ஏன்? பதில் நம் கண்ணுக்குள் இருக்கிறது.

விழித்திரையில் இரண்டு வகை ஒளி உணரும் செல்கள் உண்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். கூம்புகள் நிறம் பார்க்க, கோல்கள் மங்கிய ஒளியில் பார்க்க. 2002-ல் மூன்றாவது வகை ஒன்று இருப்பதையும் விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள். அந்த செல்களில் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. உருவங்களைப் பார்ப்பது அவற்றின் முதல் வேலை கிடையாது. வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புக் கொத்துக்குச் சொல்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. அந்தக் கொத்துதான் நம் உடலின் கடிகாரம். இருட்டு என்று தகவல் வந்தால், பினியல் சுரப்பி மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். 'இது இரவு' என்று உடம்பு முழுவதற்கும் அறிவிப்பது அந்த ஹார்மோன். காலை வெளிச்சம் பட்டதும் சுரப்பு நின்று, நாம் சுறுசுறுப்பாகிறோம். காலை வெளிச்சமே வராத ஊரில் கடிகாரம் பின்தங்கிப் போகும். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் உடம்பு இன்னும் நள்ளிரவு என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

(துருவ மான்களைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவற்றின் கண்ணுக்குள் ஒளியைப் பிரதிபலிக்கும் ஒரு படலம் உண்டு. கோடையில் அது பொன்னிறம். இருண்ட குளிர்காலத்தில் அதுவே நீல நிறமாக மாறி, கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் பயன்படுத்த உதவுகிறது. மனிதக் கண்ணுக்கு அந்த வசதி இல்லை.)

தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த நார்மன் ரோசன்தால் என்ற மருத்துவர் வேலைக்காக நியூயார்க் போனார். அங்கே குளிர்காலம் வந்ததும் தன் உற்சாகம் குறைவதையும், வசந்தத்தில் அது திரும்பி வருவதையும் கவனித்தார். வருடந்தோறும் தன் மனநிலையைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த பொறியாளர் ஒருவரும் அவருடைய ஆய்வுக் குழுவைத் தேடி வந்தார். இப்படிச் சேர்ந்த தகவல்களைக் கொண்டு, 1984-ல் அந்தக் குழு பருவகால மனச்சோர்வு என்ற நோயை விவரித்துக் கட்டுரை வெளியிட்டது. அதிகத் தூக்கம், இனிப்பும் மாவும் தின்னும் ஆசை, எதிலும் ஆர்வம் இல்லாமை ஆகியவை அதன் அடையாளங்கள். இப்படி இருப்பவரை 'சோம்பேறி' என்று திட்டுவது பெரிய தவறு. அவர் உடம்பு வெளிச்சம் கேட்கிறது.

அதனால் முதல் மருந்து வெளிச்சம்தான். ஒளியின் அளவை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். வீட்டு விளக்கு தருவது சில நூறு லக்ஸ். மேகம் மூடிய பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். சுள்ளென்ற வெயிலில் அது ஒரு லட்சம். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இவ்வளவு பெரிய வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. வட நாடுகளில் மருத்துவர்கள் 10,000 லக்ஸ் தரும் விளக்குப் பெட்டியின் முன்னால், காலையில் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. அது முகத்தில் படும்படி வைத்துக்கொண்டு காலை உணவு சாப்பிடலாம், புத்தகம் படிக்கலாம்.

அடுத்தது நடை. நார்வே குழந்தைகள் பனி கொட்டினாலும் கனத்த உடை அணிந்து வெளியே விளையாடுகிறார்கள், பனிச்சறுக்குப் போகிறார்கள். ஓடியாடினால் மனம் தெளியும் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. பகலில் வெளியே போனால் வெளிச்சமும் சேர்ந்தே கிடைக்கும். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பதும், படுக்கப் போகும்முன் செல்போன் திரையை அணைப்பதும் உடல் கடிகாரத்துக்குப் பெரிய உதவி.

பிறகு மீன் எண்ணெய். காட் மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. மாதத்தின் பெயரில் 'ர்' ஒலி வந்தால் தினமும் ஒரு கரண்டி குடிக்க வேண்டும் என்பது நார்வே வீடுகளின் பழைய வழக்கம். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை சொல்லிப் பாருங்கள், எல்லாவற்றிலும் வரும். மே முதல் ஆகஸ்ட் வரை வராது. இந்த வழக்கத்தில் நல்ல அறிவியல் இருக்கிறது. நம் தோல் வெயிலில் வைட்டமின் டி தயாரிக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் மிகத் தாழ்வாக இருப்பதால், அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் அங்கே தரைக்கு வந்து சேர்வதில்லை. மீன் ஈரல் எண்ணெய் அந்தக் குறையை நிரப்பி எலும்பைக் காக்கிறது. மனச்சோர்வையும் அது போக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப் போகவில்லை. எலும்புக்காகக் குடிக்கலாம், உற்சாகத்துக்கு அதையே நம்பி இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இந்த வைட்டமின் கதையில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. 1980-களில் இலங்கையிலிருந்து போன தமிழர்கள் பலர், நார்வேயின் வடகோடியிலுள்ள மீன் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். நம் கருந்தோலிலுள்ள நிறமி வெயிலைத் தடுக்கும் நல்ல கவசம். வெயில் குறைந்த நாட்டில் அதுவே வைட்டமின் டி உருவாவதைத் தாமதப்படுத்தும். ஆகவே அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வைட்டமின் இன்னும் கூடுதலாகத் தேவை.

கடைசியாக, கூடி இருப்பது. ட்ரோம்சோவில் ஜனவரி 21 சூரிய நாள். மலைகளுக்கு மேலே சூரியன் திரும்பி வரும் நாளை, பழக்கூழ் வைத்த உருண்டை ரொட்டியைத் தின்று கொண்டாடுவார்கள். கேரி லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்த ஊரில் தங்கி ஆராய்ந்தார். குளிர்காலத்தை நல்லதாக எண்ணுகிறவர்கள் தங்கள் வாழ்க்கையிலும் அதிக நிறைவோடு இருப்பதைக் கண்டார். இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். நல்ல எண்ணம் நிறைவைத் தந்ததா, நிறைவாக இருந்ததால் நல்ல எண்ணம் வந்ததா? இரண்டு விஷயம் சேர்ந்து தெரிந்தாலே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று விஞ்ஞானிகள் உடனே முடிவு கட்டமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கு மூலிகை மாத்திரை எதையும் இயற்கை என்ற பெயரை நம்பி நீங்களாகச் சாப்பிடாதீர்கள். சில மூலிகைகள் மற்ற மருந்துகளோடு சேர்ந்து கெடுதல் செய்யும். வெயில் காயும் நம் ஊரிலும் மனச்சோர்வு வரலாம். உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் சோகம் நீங்காமல் இருந்தால், அம்மா அப்பாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. பெரியவர்களின் செல்போனில் ஒளி அளக்கும் செயலி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வகுப்பறையின் நடுவில், ஜன்னல் ஓரத்தில், வராந்தாவில், மைதானத்து மரநிழலில் லக்ஸ் எவ்வளவு என்று அளந்து அட்டவணை போடுங்கள். சூரியனை மட்டும் வெறுங்கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாது. மேகமூட்டமான நாளில் ஒருமுறை, வெயில் நாளில் ஒருமுறை என்று அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.