அண்டை வீட்டார் பேசுவது ஸ்பானிய மொழி

அமெரிக்க முஸ்லிம்கள் என்றதும் நம் மனத்தில் எழுவது பெரும்பாலும் இரண்டு சித்திரங்கள்தாம். ஒன்று, மால்கம் எக்ஸ், முஹம்மது அலி வழிவந்த கறுப்பின முஸ்லிம்கள். மற்றொன்று, அரபு நாடுகளிலிருந்தும் இந்தியா, பாகிஸ்தானிலிருந்தும் படிக்கவும் பிழைக்கவும் சென்று அங்கேயே தங்கிவிட்டவர்கள். இவ்விரண்டிலும் சேராத ஒரு கூட்டம் கடந்த சில பத்தாண்டுகளாகப் பள்ளிவாசல்களின் வாசலில் வந்து நிற்கிறது. சிலர் மருந்துக்காக வருகிறார்கள், சிலர் நோன்பு திறக்கும் நேரத்து உணவுக்காக, சிலர் கலிமா சொல்வதற்காக. அவர்கள் பேசுவது ஸ்பானிய மொழி.

'ஹிஸ்பானிக்' என்பது இனத்தின் பெயரோ நிறத்தின் பெயரோ அல்ல. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளை வேராகக் கொண்டவர்களை அமெரிக்க அரசு ஒரே சொல்லில் குறிக்கும் வழி அது. மெக்சிகோ, கியூபா, எல் சால்வடோர், கொலம்பியா என்று பல நாட்டவர் இதில் அடங்குவர். போர்ட்டோ ரிக்கோ மக்களும் இதில் உண்டு. ஆனால் அவர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். இதைத் தெரியாமல் அவர்களையும் 'வந்தேறிகள்' என்று பேசுபவர்கள் அமெரிக்காவிலேயே ஏராளம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹிஸ்பானிக் மக்கள் 6 கோடியே 21 லட்சம் பேர், அதாவது மொத்த மக்களில் 18.7 சதவீதம். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அதிலும் கத்தோலிக்கர்களே அதிகம்.

இவர்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் எப்படித் தொடர்பு வந்தது? முதற்காரணம் வீட்டு வாடகை என்றே சொல்லலாம். புதிதாகக் குடியேறுபவருக்கு வாடகை குறைவான பகுதிதான் கிடைக்கும். முஸ்லிம்கள் பழைய கடையையோ கிடங்கையோ வாங்கித் தொழுகைக்கூடமாக மாற்றிய இடங்கள் பலவும் அப்படிப்பட்ட பகுதிகளே. நியூ ஜெர்சியின் யூனியன் சிட்டியில் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஹிஸ்பானிக் மக்கள். அங்குள்ள நார்த் ஹட்சன் இஸ்லாமிய கல்வி மையத்தின் கதவைத் திறந்தால் எதிரே நிற்பவர் ஸ்பானிய மொழி பேசுபவராகத்தான் இருப்பார். அந்த மையம் ஆண்டுதோறும் 'ஹிஸ்பானிக் முஸ்லிம் தினம்' நடத்தி வந்திருக்கிறது. முஸ்லிமான பிள்ளைகள் முஸ்லிமல்லாத தாய் தந்தையரையும் உடன் அழைத்து வந்து உட்கார வைக்கும் நிகழ்ச்சி அது.

அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதால், அண்டை வீட்டாருக்கும் வாரிசுரிமை வந்துவிடுமோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு இருந்த செய்தியை நாம் அறிவோம். அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை. இதை நடைமுறையில் காட்டிய ஓர் இடம் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் தென்பகுதியில் இருக்கிறது.

1992இல் ராட்னி கிங் வழக்கின் தீர்ப்பை ஒட்டி அந்நகரம் பற்றி எரிந்தது. கடைகள் சாம்பலாயின, உயிர்கள் போயின. அப்போது அங்கு மருத்துவம் படித்துக்கொண்டிருந்த முஸ்லிம் மாணவர்கள் சிலர், எரிந்த பகுதியில் ஒரு மருத்துவமனை தொடங்க முடிவு செய்தார்கள். நான்கு ஆண்டுகள் அலைந்து 1996இல் 'உம்மா' கிளினிக்கைத் திறந்தார்கள். தொடங்கியவர்கள் முஸ்லிம்கள், சிகிச்சைக்கு வருவோரில் பெரும்பாலோர் ஹிஸ்பானிக் மக்களும் கறுப்பின மக்களும். சிகிச்சை பெற மார்க்கத்தைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கு இல்லை.

இதன் அருமை புரிய வேண்டுமானால் அமெரிக்க மருத்துவ முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பீடு இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதே பெரிய செலவு. குடியுரிமை ஆவணங்கள் இல்லாதவர்களுக்கு அரசின் மருத்துவத் திட்டங்களில் பெரும்பாலும் இடமில்லை. 1986இல் வந்த ஒரு சட்டத்தின்படி, உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை அவசரச் சிகிச்சைப் பிரிவு திருப்பி அனுப்பக்கூடாது. நிலைமை சீராகும்வரை பார்த்தாக வேண்டும். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு மாதாமாதம் தேவைப்படும் மாத்திரைக்கு அந்தச் சட்டம் உதவாது. மயங்கி விழுந்தால் பார்ப்பார்கள், விழாமல் இருக்க மருந்து கேட்டால் யாரும் பொறுப்பில்லை. வெள்ளையர்களைவிட ஹிஸ்பானிக் மக்களிடையே சர்க்கரை நோய் அதிகம். இந்த இடைவெளியைத்தான் உம்மா போன்ற கிளினிக்குகள் நிரப்புகின்றன. சிகாகோவின் தென்மேற்குப் பகுதியில் இயங்கும் 'இமான்' அமைப்பும் இதே பாதையில் செல்கிறது. அங்கும் மருத்துவச் சேவை உண்டு. கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக் மக்களும் கலந்து வாழும் தெருக்கள்தாம் அதன் களம்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்று நியூயார்க்கின் 'அலியான்ஸா இஸ்லாமிகா'வைச் சொல்ல வேண்டும். 1970களில் இஸ்லாத்தை ஏற்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள், தாங்கள் வளர்ந்த கிழக்கு ஹார்லெம் தெருக்களுக்கே திரும்பி வந்தார்கள். போதைப்பொருளும் எய்ட்ஸ் நோயும் அங்கு வீட்டுக்கு வீடு புகுந்திருந்த காலம் அது. பல பள்ளிவாசல்கள் பேசத் தயங்கிய விஷயங்களை அவர்கள் கையில் எடுத்தார்கள். அந்த அமைப்பு இன்று இல்லை. நிதியும் ஆளும் தொடர்ந்து கிடைக்காதது அதன் குறை மட்டும்தானா, சுற்றியிருந்த வசதியான ஜமாஅத்துகளின் குறையும்தானா என்பதை யோசிக்கத்தான் வேண்டும்.

பணம் என்று வரும்போது ஒரு கேள்வி எழும்: முஸ்லிமல்லாத அண்டை வீட்டாருக்கு எந்தப் பணத்திலிருந்து உதவுவது? ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைக் குர்ஆன் 9:60 குறிப்பிடுகிறது. ஏழைகள் என்ற வகையில் ஜகாத் முஸ்லிம்களுக்கே உரியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. உள்ளங்கள் இணக்கமாக்கப்பட வேண்டியவர்கள் என்ற பங்கு நின்றுவிட்டது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை; அது இன்றும் உண்டு என்போரும் இருக்கிறார்கள். ஆனால் ஸதகாவில் இந்தச் சிக்கல் இல்லை, அதை யாருக்கும் கொடுக்கலாம். உணவுப் பொட்டலமும் மருந்தும் ஸதகாவிலிருந்து, புதிதாக மார்க்கத்துக்கு வந்த ஏழைக்கு ஜகாத்திலிருந்து என்று கணக்கைப் பிரித்து வைத்துக்கொண்டால் பின்னர் பிரச்சினை வராது. தேவையில்லாத சந்தேகத்தால் நல்ல காரியங்கள் நின்றுபோவதை நம் ஊர் ஜமாஅத்துகளிலும் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது உணவு. 2016 தேர்தல் நேரத்தில், இவர்களை வரவிட்டால் தெருமுனைக்கு ஒரு டாக்கோ வண்டி வந்துவிடும் என்று தொலைக்காட்சியில் ஒருவர் எச்சரித்தது பெரிய கேலிக்கு உள்ளானது. அந்தப் பேச்சையே திருப்பிப் போட்டு, 2017 ரமளானில் கலிஃபோர்னியாவின் சாண்டா அனா நகரில் 'ஒவ்வொரு பள்ளிவாசலிலும் டாக்கோ வண்டி' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். பள்ளிவாசல் வாசலில் வண்டி நிற்கும், உள்ளே ஹலால் இறைச்சி, முஸ்லிம்களும் ஹிஸ்பானிக் மக்களும் ஒரே வரிசையில். கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் மெக்சிகோ சமையலில் பன்றி இறைச்சி மட்டுமல்ல, பன்றிக் கொழுப்பும் பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. மசித்த பீன்ஸில் இருக்கும், தமாலே மாவில் இருக்கும், சிலவகை ரொட்டியிலும் இருக்கும். அதை மாற்றி எண்ணெயில் செய்யச் சொல்லி வண்டிக்காரரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சிலேயே பாதிப் பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது.

இனி, கலிமா சொன்னவர்களின் நிலைக்கு வருவோம். 2017இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கின்படி அமெரிக்க முஸ்லிம்களில் 8 சதவீதத்தினர் ஹிஸ்பானிக் மக்கள். இவர்களில் மிகப் பலர் தாமாகவே மார்க்கத்தை ஏற்றவர்கள்.

ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒருவர் கலிமா சொல்கிறார். பள்ளிவாசல் முழுவதும் தக்பீர் முழங்குகிறது, எல்லோரும் கட்டித் தழுவுகிறார்கள். அடுத்த வாரம் அவர் வரும்போது பெயர் சொல்லி அழைக்க ஆளில்லை. உர்தூ பேசுபவர்கள் ஒரு பக்கம், அரபி பேசுபவர்கள் ஒரு பக்கம். குத்பா ஆங்கிலத்தில் இருந்தாலும் அவருடைய தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. ரமளானில் தனியாக நோன்பு திறக்கிறார், பெருநாளன்று எங்கே போவதென்று தெரியவில்லை. வீட்டிலோ டிசம்பர் 24 இரவு முழுக் குடும்பமும் கூடும், மேசையில் பன்றி இறைச்சி இருக்கும். மகள் தலையில் முக்காடிட்டால், 'அரபியைக் கல்யாணம் செய்துகொண்டாயா?' என்பதுதான் முதல் கேள்வி. பழைய வீடும் முழுதாக இல்லை, புதிய வீடும் திறக்கவில்லை. ஓசையில்லாமல் விலகிப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் போகிறார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

குத்பாவைத் தமிழில் சொல்லலாமா என்று நம் ஊர்களில் நடந்த வாக்குவாதங்கள் நினைவிருக்கும். தூதர்கள் அவரவர் சமூகத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டார்கள் என்ற 14:4 வசனம் அப்போது எத்தனை மேடைகளில் எடுத்துக்காட்டப்பட்டது! அதே தேவையை உணர்ந்தவர்கள் அங்கும் எழுந்தார்கள். 1999இல் லாஸ் ஏஞ்சலீஸில் லத்தீன் முஸ்லிம்களுக்கென ஒரு சங்கம் உருவானது. 2001இல் ஹூஸ்டனில் 'இஸ்லாம் இன் ஸ்பானிஷ்' தொடங்கியது. கொலம்பியாவில் வேர்கொண்ட முஜாஹித் ஃப்ளெட்சர் தம் குடும்பத்தாருக்கு மார்க்கத்தைச் சொல்ல ஸ்பானிய மொழியில் போதிய நூல்கள் இல்லாததைக் கண்டு, ஒலிப்பதிவுகளில் ஆரம்பித்தார். 2016இல் அது 'சென்ட்ரோ இஸ்லாமிகோ' என்ற மையமாக வளர்ந்தது. அங்கு ஜும்ஆ குத்பா ஸ்பானிய மொழியிலும் ஒலிக்கிறது. ஹூஸ்டன் நகர மக்களில் பத்துக்கு நான்கு பேருக்கும் அதிகமானோர் ஹிஸ்பானிக் மக்கள் என்பதை நினைத்தால், இது எவ்வளவு தாமதமாக வந்தது என்பதும் தெரியும்.

இந்த மையங்களில் அந்தலூஸ் வரலாறு விருப்பத்தோடு பேசப்படுகிறது. 'இறைவன் நாடட்டும்' என்ற பொருளுக்குப் பக்கத்தில் வரும் 'ஓஹலா' என்ற ஸ்பானியச் சொல் அரபியிலிருந்து பிறந்தது. சர்க்கரைக்கு 'அஸூகார்', எண்ணெய்க்கு 'அஸெய்தே' என்பனவும் அரபுச் சொற்களே. 1492இல் கிரனாடா வீழ்ந்தபின், அரபி மறந்துபோன முஸ்லிம்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதி மார்க்கத்தைக் காத்தார்கள். அதை 'அல்ஹமியாதோ' என்பார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் அர்வி நூல்களைக் கண்டவர்களுக்கு இது எவ்வளவு நெருக்கமானது என்று விளக்க வேண்டியதில்லை. 1609 முதல் 1614 வரை அந்த மக்களை ஸ்பெயின் நாடு கடத்தியது. இந்த வரலாற்றைக் கேட்கும்போது புதியவரின் மனம் நிமிர்கிறது, உண்மைதான். ஆனால் வாடகை பாக்கிக்கும் வேலை போனதற்கும் வரலாறு பதில் சொல்லாது.

அச்சமும் அப்படித்தான். வளைகுடாவில் ஸ்பான்சரை விட்டு ஓடி, விசா இல்லாமல் ஒளிந்து வாழ்பவரை நம்மவர்கள் 'கல்லிவல்லி' என்பார்கள். போலீஸ் வண்டியைக் கண்டால் சந்து மாறி நடக்கும் அந்த வாழ்க்கை நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் அது பிள்ளை குட்டிகளோடு, ஆண்டுக்கணக்கில். வழிபாட்டுத் தலங்கள், பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகளில் குடியேற்றத் துறையினர் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசு விலக்கிக்கொண்டது. தேவாலயத்துக்கும் கிளினிக்குக்கும் வர அஞ்சுபவர் பள்ளிவாசலின் உணவு விநியோக வரிசைக்கும் வர அஞ்சுவார். அதனால்தான் சட்ட உரிமை வகுப்புகள் இப்போது உணவைப் போலவே அவசியமாகிவிட்டன. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டுக்கும், துறை அதிகாரியே கையெழுத்திட்ட தாளுக்கும் உள்ள வித்தியாசம் என்ன, கதவைத் தட்டினால் என்ன சொல்வது, எதில் கையெழுத்திடக்கூடாது என்பவற்றை ஸ்பானிய மொழியிலேயே வக்கீல்களைக் கொண்டு விளக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் திஹுவானா நகரில், பல நாடுகளிலிருந்து வந்து சேரும் முஸ்லிம் அகதிகளுக்காக 2022இல் 'அஸ்ஸபீல்' தங்குமிடம் திறக்கப்பட்டது. அதை எழுப்பியது லத்தீன் முஸ்லிம் பெண்களின் அமைப்பு. நேற்றுவரை உதவி பெறுபவர்களாகப் பார்க்கப்பட்டவர்கள் இன்று நம் பிள்ளைகளுக்குக் கூரை தருகிறார்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கடைசி நேரத்தில்தான் யோசிக்கிறார்கள். தனியாக இஸ்லாத்துக்கு வந்தவர் இறந்துவிட்டால், எழுத்தில் எதுவும் இல்லாதபோது உடலை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை பொதுவாக நெருங்கிய உறவினருக்கே போகும். தாய் கத்தோலிக்கர், தான் அறிந்த முறையில் மகனை வழியனுப்ப நினைப்பார். அவர் மீது பிழையில்லை. ஜனாஸா தொழுகைக்கு ஆள் திரண்டு நின்றாலும் அந்த நேரத்தில் ஜமாஅத்தால் செய்யக்கூடியது சொற்பம். தம் அடக்கத்தைப் பற்றிய விருப்பத்தை உயிரோடிருக்கும்போதே எழுதி, அந்தந்த மாநிலச் சட்டப்படி சாட்சிகளோடு கையெழுத்திட்டு வைத்தால் சிக்கல் பெருமளவு குறையும். அந்தப் படிவம் ஸ்பானிய மொழியில் பள்ளிவாசல் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். அதில் எழுதியிருப்பதை அவர் தம் தாயிடம் எடுத்துச் சொல்லும்போது, உடன் சென்று உட்கார்ந்திருக்க ஸ்பானிய மொழி தெரிந்த ஒரு சகோதரரோ சகோதரியோ வேண்டும்.