வயசு கேட்காத சொல்

மன்னாரின் பேசாலைக் கரையில் வள்ளத்தை மணலுக்கு ஏற்றத் தோள் கொடுக்கும் பொடியன்கள் பத்துப் பேர் என்றால், பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் 'மச்சான்'. கணக்குப்படி இது நடக்காத காரியம் என்று முறை தெரிந்த எந்த ஆச்சியும் சொல்லிவிடுவாள்.

வீட்டுக்குள் மச்சான் என்றால் மாமன் மகன், மாமி மகன், அல்லது மனைவியின் சகோதரன். சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் நமக்குச் சகோதரங்கள். மாமன், மாமி பிள்ளைகள் கொண்டு கொடுக்கும் முறை. இந்தப் பிரிவை வைத்தே திராவிட உறவுமுறையை விளக்கி 1953இல் கட்டுரை எழுதினார் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன்.

சிநேகிதனுக்கு ஏன் இந்தச் சொல்? 'அண்ணன்' என்றதும் ஒருவன் மேலே ஏறிவிடுகிறான், 'தம்பி' என்றதும் இறங்கிவிடுகிறான். மச்சான் அப்படியல்ல. நான் உனக்கு மச்சான், நீயும் எனக்கு மச்சான். கூடவே கேலி செய்யும் உரிமையும் வருகிறது. முறைக்காரர்கள் ஒருவரையொருவர் நக்கலடிப்பதும், அதற்குக் கோபிக்காமலிருப்பதும் உலகின் பல சமூகங்களில் உண்டு. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் அதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். 'மச்சான்' என்ற பிறகு எந்த வசவும் பாதி இனிப்புத்தான். 'மச்சாஆன்' என்று இழுத்தால் மட்டும் சட்டைப் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடன் வருகிறது.

கத்தோலிக்கப் பொடியன் எருக்கலம்பிட்டி முஸ்லிம் பொடியனையும் இப்படித்தான் கூப்பிடுகிறான். சம்பந்தம் பேச வாய்ப்பே இல்லாத இடத்தில் சம்பந்தத்தின் சொல்! சிங்களமும் இதை விடவில்லை. அந்த மொழி வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உறவுமுறையோ நம்முடையதைப் போன்றது. அங்கே முறைக்காரன் 'மஸ்ஸினா', கூட்டாளி 'மச்சங்'. 2004இல் கைப்பந்து அணி என்று சொல்லி ஜெர்மனி போய் மாயமான இலங்கையர் கதையை உபெர்த்தோ பசோலினி 2008இல் படமாக்கினார். அதற்கு வைத்த பெயரும் 'மச்சான்'தான். தலைமன்னாருக்கு எதிர்க்கரையான தமிழ்நாட்டில் இது 'மச்சி' என்றும் சுருங்கும். அதை இங்குள்ள முஸ்லிம் வீடொன்றில் சொன்னால் பெண்பிள்ளை யாராவது திரும்பிப் பார்க்கலாம். அந்த வீடுகளில் மச்சி பெண்ணுறவு.

வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியை யாரும் மச்சான் என்பதில்லை, பங்குத்தந்தையையும்தான்.

இன்னொரு இடத்திலும் சொல் நின்றுவிடும். கூட்டாளி நம் அக்காவையே கட்டினால் அவன் அத்தான். நேற்றுவரை "டேய் மச்சான், எழும்படா" என்றவன் இன்று வாசலில் நின்று, "அத்தான், சாப்பிட வாங்க" என்கிறான்.